கோயில் வாசலும் சுடுகாட்டுப் பாதையும்

விழாத் தலைவர் அவர்களே, வரவேற்புரை வழங்கிய ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே, பணிச்சுமைக்கு நடுவிலும் வருகை தந்திருக்கும் ஒன்றியப் பெருந்தலைவர் அம்மையார் அவர்களே, மண்டபத்தை வாடகையின்றி அளித்த வணிகர் சங்கத்துப் பெரியோர்களே, தாய்மார்களே, இளைஞர்களே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

‘மத நம்பிக்கை சமுதாயத்திற்குக் கேடு செய்கிறதா?’ என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. சாதி, பெண்ணுரிமை ஆகிய இரண்டு நிலைகளில் இதனை ஆராயலாம் என்று எண்ணுகிறேன்.

‘கோயில் இல்லா ஊரில் குடியிருக்க வேண்டாம்’ என்றனர் நம் முன்னோர். கோயில் இருந்தும் உள்ளே போக முடியாதவன் எந்த ஊரில் குடியிருப்பது என்பதே என் கேள்வி.

1939ஆம் ஆண்டு ஜூலை 8ஆம் நாள், மதுரையில் வழக்கறிஞர் வைத்தியநாத ஐயர், கக்கன் உள்ளிட்ட ஒடுக்கப்பட்ட சமூகத்தார் சிலரை அழைத்துக்கொண்டு மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்தார். பரம்பரை பரம்பரையாகக் கோபுரத்தைத் தொலைவில் நின்றே கும்பிட்ட மக்களின் பிள்ளைகள், அன்று அம்மன் சன்னதியில் கைகூப்பி நின்றார்கள்! கோயிலின் நிருவாக அதிகாரி ஆர். எஸ். நாயுடு, உள்ளே வந்தவர்களை வரவேற்றார். அர்ச்சகர்களில் சிலரோ பூசை செய்ய மறுத்தார்கள். மீனாட்சி கோயிலை விட்டே போய்விட்டாள் என்று சொல்லி, வெளியே தனி வழிபாடு நடத்தியவர்களும் உண்டு. நுழைந்தவர்கள் மீது வழக்கு வரலாம் என்ற நிலையில், இராஜாஜியின் அரசு அவர்களைக் காக்கும் சட்டத்தை அதே ஆண்டில் கொண்டுவந்தது. அன்று உள்ளே நுழைந்த கக்கன் பின்னாளில் இம்மாநிலத்தின் அமைச்சரானார்.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தடுத்தவர்களும் பக்தர்கள், அழைத்துச் சென்ற ஐயரும் பக்தர். ஆகவே பக்தியைக் கேடு என்று நான் சொல்ல மாட்டேன். யார் வரலாம், யார் வரக்கூடாது என்று பிறப்பைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் அதிகாரத்தை அதற்குக் கொடுத்ததுதான் கேடு. அந்த அதிகாரம் இன்னும் சாகவில்லை. விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில், பட்டியல் சமூகத்தார் வழிபட எதிர்ப்பு எழுந்ததால், திரௌபதி அம்மன் கோயிலை 2023 ஜூன் மாதம் அதிகாரிகள் பூட்டி முத்திரையிட நேர்ந்தது.

பெண்ணுரிமை என்றால், தேவதாசி முறையை ஒழிக்க முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் போராடியதையும் 1947இல் சட்டம் வந்ததையும் நினைவூட்டி மேலே செல்கிறேன். ஏனெனில் நான் வந்த காரியம் வேறு.

‘கோயில் இல்லா ஊரில் குடியிருக்க வேண்டாம்’ என்ற மக்களே, சடங்கின் பெயரைச் சொல்லி, இறந்தவனுக்கும் சாதி பார்த்துச் சுடுகாட்டைப் பிரித்து வைத்திருக்கிறார்கள். மழைக்காலத்தில் பாடை சுமந்து வயல் வரப்பில் வழுக்கி நடக்கும் நம் சகோதரர்களை நீங்கள் பார்த்ததில்லையா? நம் ஒன்றியத்தின் எல்லா ஊர்களிலும் அனைவருக்கும் ஒரே மயானம், அதற்கு ஒரே பாதை வேண்டும் என்ற விண்ணப்பம் பின்வாசல் மேசையில் இருக்கிறது. ஒன்றியப் பெருந்தலைவர் அம்மையார் முதல் கையொப்பமிட வேண்டும் என்று இந்த மேடையிலேயே வேண்டிக்கொண்டு, விடைபெறுகிறேன். வணக்கம்.