இராமேசுவரம் பக்கம் நல்ல சிப்பி எங்கே சாப்பிடலாம்? நேயர் கேள்விக்கு விளக்கம்

அடுத்த கேள்வி கோயம்புத்தூரிலிருந்து வந்திருக்கிறது. படித்துவிடுகிறேன். "அண்ணா, ஜனவரி கடைசியில் குடும்பத்தோடு இராமேசுவரம் வருகிறோம். வேலை விஷயமாக பிரான்சுக்குப் போயிருந்தபோது சமைக்காத பச்சைச் சிப்பியில் எலுமிச்சை பிழிந்து சாப்பிட்டு அந்த ருசிக்குப் பழகிவிட்டேன். உங்கள் கடற்கரையில் அதுபோல நல்ல சிப்பி எந்த ஓட்டலில் கிடைக்கும்? திரும்பும்போது கொஞ்சம் வாங்கிக்கொண்டு போகவும் முடியுமா?"

தம்பி, நீங்கள் பேனாவும் தாளும் எடுத்து வைத்துக்கொண்டு ஓட்டல் பெயருக்காகக் காத்திருப்பீர்கள். நான் ஒரு பெயரும் சொல்லப் போவதில்லை. ஒளித்து வைக்கிறேன் என்று நினைக்காதீர்கள். மண்டபம் தொடங்கி தொண்டி வரை, அந்தப் பக்கம் கீழக்கரை, ஏர்வாடி வரை அலைந்து சாப்பிட்டவன் நான். சிப்பிக்கென்றே பேர் வாங்கிய ஓட்டல் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. ஆனால் சிப்பி சாப்பிட்டிருக்கிறேன், நன்றாகவே சாப்பிட்டிருக்கிறேன். எப்படி என்று சொல்கிறேன்.

முதலில் ஒன்று. எங்கள் கரையில் சிப்பி என்றதும் பெரியவர்களுக்குச் சாப்பாடு நினைவுக்கு வராது. முத்துதான் வரும். மன்னார் வளைகுடாவின் பார்களில், அதாவது கடலடிப் பாறைத் திட்டுகளில், முத்துச்சிப்பி எடுத்தார்கள், கரையில் குவித்து அழுகவிட்டார்கள், பிறகு கழுவி முத்தைப் பொறுக்கினார்கள். மலைபோல் சிப்பி அழுகும் நாற்றம் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அதைக் கண்ட தலைமுறைக்கு அதைத் தட்டில் வைத்துத் தின்னத் தோன்றுமா? நம் பக்கத்துக் கடலில் கடைசி முத்துக்குளிப்பு 1961-இல் தூத்துக்குடியில் நடந்தது. முத்து போனால் அடுத்தது சுண்ணாம்பு. கிளிஞ்சலைச் சூளையில் சுட்டு நீற்றிய சுண்ணாம்புதான் செட்டிநாட்டு வீட்டுச் சுவர்களின் பளபளப்பு, அதுதான் வெற்றிலைக்கும் போனது. ஆக, ஓட்டுக்கு இருந்த மரியாதை சதைக்கு இருந்ததில்லை. சதையைச் சாப்பிட்டது கரையோரத்து வீடுகள் மட்டும்தான். அது வீட்டுச் சமையல், கடைச் சரக்கு ஆகவில்லை.

அடுத்த சிக்கல் பெயர். ஓட்டலில் போய் "சிப்பி இருக்கிறதா" என்று கேட்டால் "இருக்கிறது" என்பார்கள். வந்து சேர்வது மட்டியாக இருக்கும். மட்டி வேறு. வழவழப்பான ஓடு, மணலுக்குள் புதைந்து கிடக்கும், கொஞ்சம் சதை, இனிப்பான சாறு. நீங்கள் பிரான்சில் சாப்பிட்டது பாறையிலோ கட்டையிலோ பிடித்துக்கொண்டு வளர்வது. கரடுமுரடான ஓடு, கையை அறுக்கும், ஒரு பக்கம் குழி, மறுபக்கம் மூடி. அதை ஆளி என்று சொல்கிறவர்கள் உண்டு. முத்துச்சிப்பி இரண்டிலும் சேராது, அது தட்டையானது, உள்ளே மினுமினுப்பு. ஆகவே கேட்கும்போது "பாறையில் ஒட்டுகிற சிப்பியா, மட்டியா" என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்வியிலேயே பரிமாறுகிறவருக்கு விஷயம் தெரியுமா தெரியாதா என்பது வெளிப்பட்டுவிடும்.

அந்தச் சிப்பி எங்கே வளர்கிறது? உப்பும் நன்னீரும் கலக்கும் கழிமுகத்தில். இராமநாதபுரத்துக்குக் கிழக்கே ஆற்றங்கரை என்றே ஓர் ஊர் இருக்கிறது. வைகை கடலைத் தொடும் இடம் அது. தொடும் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். பெரும்பாலான வருடங்களில் வைகை இராமநாதபுரம் பெரிய கண்மாயைத் தாண்டவே மூச்சு வாங்கும், மிச்சம் இருந்தால்தான் ஆற்றங்கரை. அந்தக் கழிமுகத்தில் சிப்பிக் குஞ்சுகள் எப்படிப் பிடிக்கின்றன, எவ்வளவு வேகமாக வளர்கின்றன என்று மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்துக்காரர்கள் ஆய்வே செய்திருக்கிறார்கள். அந்த நிறுவனம் 1947-இல் தொடங்கியது. ஆரம்ப காலத்தில் பல வருடம் அதன் தலைமையிடம் எங்கள் மண்டபம்தான், பிறகுதான் கொச்சிக்குப் போனது. சிப்பி வளர்ப்பு முறையையும் அவர்கள் தூத்துக்குடியில்தான் உருவாக்கினார்கள். அதைக் கற்றுக்கொண்டு தொழிலாக்கியது கேரளம். இதில் எனக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சல் உண்டு, ஒளிக்காமல் சொல்கிறேன்.

சரி, பச்சையாகச் சாப்பிடுவது. வேண்டாம். எங்கள் கரையில் எங்கே, யார் நீட்டினாலும் வேண்டாம். காரணம் சொல்கிறேன். சிப்பி வாயைத் திறந்து தண்ணீரை உள்ளே இழுத்து, அதில் மிதப்பதை வடிகட்டித் தின்னும். வளர்ந்த சிப்பி ஒன்று மணிக்குப் பல லிட்டர் தண்ணீரை வடிகட்டும். தண்ணீரில் சாக்கடை கலந்திருந்தால் அதுவும் சிப்பிக்குள்தான். நீங்கள் சாப்பிட்ட நாட்டில் சிப்பி வளரும் நீரையே ஏ, பி, சி என்று தரம் பிரித்து வைத்திருக்கிறார்கள். முதல் தரத்து நீரில் வளர்ந்தது மட்டும் நேராக விற்பனைக்குப் போகும். இரண்டாம் தரமென்றால் சுத்தமான கடல்நீரில் போட்டு வைத்து, வயிற்றைக் கழுவவிட்டுத்தான் விற்க வேண்டும். எங்கள் கரையில் சிப்பி எடுக்கும் அக்காவிடம் போய் இது எந்தத் தரம் என்று கேட்டால், "முதல் தரம்தான், ஏறிட்டுப் பாருங்கள்" என்பார். அவரைக் குறை சொல்ல முடியாது.

இன்னொன்று, அவர்கள் கடல் குளிர்ந்த கடல். நம் கடல் வருடம் முழுக்க வெதுவெதுப்பானது. விப்ரியோ என்ற கிருமி வகைக்கு வெதுவெதுப்பு மிகவும் பிடிக்கும். சர்க்கரை நோய் இருப்பவர்கள், கல்லீரல் கோளாறு இருப்பவர்களுக்கு அதில் ஒரு வகை உயிருக்கே உலை வைக்கும். எலுமிச்சை பிழிந்தால், மிளகாய் தூவினால் கிருமி செத்துவிடும் என்பதெல்லாம் நாக்குக்குச் சொல்லும் சமாதானம். வெள்ளைக்காரர்கள் மாதத்தின் ஆங்கிலப் பெயரில் 'ஆர்' எழுத்து இருந்தால் சாப்பிடலாம் என்று ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். அது அவர்கள் ஊர் வெயிலுக்குப் போட்ட கணக்கு. அதன்படி பார்த்தால் அக்டோபர், நவம்பர், டிசம்பர் எல்லாம் நல்ல மாதம். எங்களுக்கோ அப்போதுதான் அடைமழை, ஊர் அழுக்கெல்லாம் கடலுக்கு இறங்கும் காலம்.

எனக்கே பட்டிருக்கிறது. சில வருடங்களுக்கு முன் ஐப்பசியில், மழை விட்டு நாலாம் நாள், சாலையோரக் கடை ஒன்றில் அரைவேக்காட்டுச் சிப்பியைத் தின்றேன். கடைக்காரர் "அதிகம் வெந்தால் ரப்பர் ஆகிவிடும்" என்றார். நானும் பெரிய ரசிகன்போலத் தலையாட்டினேன். அதற்கப்புறம் மூன்று நாள் நான் எங்கே உட்கார்ந்திருந்தேன் என்பதை இந்தக் காணொளியில் சொல்ல முடியாது. அன்றிலிருந்து பெருமழைக்குப் பிறகு இரண்டு மூன்று வாரம் ஓட்டுள்ள எதையும் நான் தொடுவதில்லை. நீங்கள் வருவது ஜனவரி கடைசி, மழை ஓய்ந்திருக்கும். அந்த வகையில் நல்ல நேரம்.

இப்போது தேடும் முறை. ஓட்டலைத் தேடாதீர்கள், ஆளைத் தேடுங்கள். வந்த அன்று மாலையே தங்கும் இடத்தில் இருப்பவர்களிடம், ஆட்டோ ஓட்டுநரிடம், "இங்கே சிப்பி எடுக்கிற பெண்கள் யார்" என்று கேளுங்கள். பாம்பன், மண்டபம், ஆற்றங்கரை, தேவிபட்டினம் பக்கமெல்லாம் கேட்டால் யாராவது கை காட்டுவார்கள். சிப்பி வலையில் வருவதில்லை. வற்று நேரத்தில், அதாவது கடல்நீர் இறங்கியிருக்கும்போது, இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, இரும்புக் கம்பியாலோ அரிவாள் நுனியாலோ நெம்பி எடுக்க வேண்டும். எனவே "நாளைக்கு வற்று எப்போது" என்பதுதான் உங்கள் ஓட்டலின் திறப்பு நேரம். முந்தைய நாளே சொல்லி வைத்தால் எடுத்து வருவார்கள். விலையில் கறாராகப் பேரம் பேசாதீர்கள். ஓட்டோடு 10 கிலோ எடுத்தால் சதை 1 கிலோ தேறுவதே பெரும்பாடு, அதற்குள் அவர்கள் கையில் நாலு இடத்தில் அறுத்திருக்கும்.

வாங்கியதைச் சமைக்க ஒரு மெஸ் வேண்டும். நான் பார்ப்பது இதுதான்: பலகையில் எழுதிய பட்டியல் நீளமாக இருக்கும் கடை வேண்டாம். "இன்றைக்கு என்ன வந்தது" என்று கேட்டால் சமையல்கட்டைப் பார்த்துவிட்டு "நண்டும் ஊளியும்தான், கணவாய் இல்லை" என்று சொல்கிற கடை வேண்டும். இல்லை என்று சொல்லத் தெரிந்தவரிடம் உங்கள் சிப்பியை நம்பிக் கொடுக்கலாம். சமையற்கூலி பேசிக்கொள்ளுங்கள், பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். இராமேசுவரத்தில் கோயிலை ஒட்டிய தெருக்களில் இதைக் கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள், அங்கே பெரும்பாலும் சைவச் சாப்பாடுதான். பாம்பன், மண்டபம், இராமநாதபுரம் நகரம், கீழக்கரை இவைதான் உங்களுக்கு ஆகும்.

கொடுப்பதற்கு முன் நீங்களே ஒரு தடவை பாருங்கள். உயிருள்ள சிப்பி வாயை இறுக மூடியிருக்கும். லேசாகத் திறந்திருந்தால் விரலால் தட்டுங்கள், மூடிக்கொண்டால் உயிர் இருக்கிறது. தட்டியும் பிளந்தபடியே கிடந்தால் செத்தது, தூரப் போடுங்கள். இரண்டை ஒன்றோடொன்று மோதிப் பாருங்கள். கல்லோடு கல் மோதுகிற ஓசை வர வேண்டும், வெற்றுச் சிரட்டை ஓசை வந்தால் உள்ளே நீர் வற்றிவிட்டது. அலசுவதற்கென்று நல்ல தண்ணீரில் ஊறப் போட்டுவிடாதீர்கள், அது செத்துப்போகும். ஈரச் சாக்கைப் போர்த்தி நிழலில் வைத்தால் போதும். வேகும்போது கணக்கு தலைகீழாக மாறும். வாய் திறந்தது நல்லது, திறக்காமலே கிடப்பதைத் தள்ள வேண்டும். வாய் திறந்த பிறகும் ஐந்து நிமிடம் கொதிக்கட்டும். ரப்பர் ஆனாலும் பரவாயில்லை. உண்மையில் ஆகாது, வேகவைத்த சாற்றை வடிகட்டி அதிலேயே குழம்பு வைத்தால் மெத்தென்றே இருக்கும்.

என் அப்பத்தா அப்படித்தான் செய்வார். சின்ன வெங்காயம், சோம்பு, மிளகு, கொஞ்சம் தேங்காய் அரைத்து, சாறு சுண்டும்வரை பிரட்டி எடுப்பார். உப்பு போட மாட்டார், சிப்பியே போட்டுக்கொண்டு வரும் என்பார். எலுமிச்சை ஆசை உங்களுக்கு இருந்தால் அந்த வறுவலின்மேல் பிழிந்துகொள்ளுங்கள், யாரும் தடுக்க மாட்டார்கள்.

சிப்பி கிடைக்காமல் போகவும் வாய்ப்புண்டு. வாடைக்காற்று ஓயாவிட்டால் வடகடல், அதாவது பாக் நீரிணைப் பக்கம், கலங்கிக் கிடக்கும், யாரும் இறங்க மாட்டார்கள். அப்போது தென்கடல் பக்கம் திரும்புங்கள், கீழக்கரைக்குப் போய்ச் சங்குக்கறி கேளுங்கள். என்னைக் கேட்டால் சிப்பியைவிட அதுதான் இந்தக் கரையின் சொந்த ருசி. சங்குக் குளியாட்கள் எடுத்து வரும் சங்கில் ஓடு வங்காளத்துக்கு வளையலாகப் போகும், சதை இங்கே குழம்புக்கு நிற்கும். கெட்டியான சதை, நன்றாகத் தேய்த்து வழவழப்புப் போகக் கழுவி, நெடுநேரம் வேகவைக்க வேண்டும், அவசரக்காரர்களுக்கு ஆகாது. கீழக்கரையில் கடல்வாழ் உயிர்களைச் சமைப்பதில் தயக்கம் இருக்காது. கடற்கரை முஸ்லிம்கள் பெரும்பாலும் ஷாஃபி என்ற சமயச் சட்ட வழியைச் சேர்ந்தவர்கள், அந்த வழியில் கடலில் வாழ்வனவற்றைச் சாப்பிடலாம். உள்நாட்டில் ஹனஃபி வழியைப் பின்பற்றும் நண்பர் உங்களோடு வந்தால் அவர் மீனோடு நிறுத்திக்கொள்ளக்கூடும், வற்புறுத்தாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. படகில் தீவுக்குக் கூட்டிப்போய் அங்கேயே சிப்பி எடுத்துத் தருகிறோம் என்று யாராவது சொன்னால் கும்பிட்டுவிட்டு நகருங்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-இலிருந்து கடல்சார் தேசியப் பூங்கா. அனுமதியில்லாமல் கால் வைத்தால் வனத்துறைக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும், படகுக்காரர் போய்விடுவார். கடல் அட்டை, பெரிய ராட்சதச் சிப்பி இவற்றைக் காட்டினாலும் வேண்டாம், இரண்டும் சட்டப்படி பாதுகாக்கப்பட்டவை. வீட்டில் யாருக்காவது இறால், நண்டு ஒத்துக்கொள்ளாது என்றால் சிப்பியிலும் கவனமாக இருக்கட்டும். சின்னக் குழந்தைகளுக்கு முதல் தடவையே நிறையக் கொடுக்காதீர்கள்.

பச்சையாகத்தான் சாப்பிட்டாக வேண்டும் என்று மனது அடம்பிடித்தால் கேரளத்துக்குப் போங்கள். கோயம்புத்தூரிலிருந்து உங்களுக்கு அது எங்களைவிடப் பக்கம். எர்ணாகுளம் மாவட்டத்தில் மூத்தகுன்னம் பக்கம் வளர்க்கிறார்கள், சுத்திகரித்த சிப்பியை அங்கே விற்பதும் உண்டு. அங்கேயும் நான் வேகவைத்துத்தான் சாப்பிடுவேன், அது என் வயிற்றின் பழைய நினைவு.

கடைசியாக, வாங்கிக்கொண்டு போவது. ஓட்டோடு உயிருள்ள சிப்பியை இரவு ரயிலில் கோயம்புத்தூருக்குக் கொண்டுபோகாதீர்கள். பெட்டியில் நாற்றம் எழும்பினால் சக பயணிகள் உங்களை மானாமதுரையிலேயே இறக்கிவிடுவார்கள். கீழக்கரையில் தொதல் வாங்கிக்கொள்ளுங்கள். தேங்காய்ப்பால் ஊற்றிக் கிண்டிய இனிப்பு, நாலு நாள் பைக்குள் கிடந்தாலும் ஒன்றும் ஆகாது.