மாமாவின் போட்டும் மசியாத ஸ்டீரிங்கும்

[காட்சி: பினாங்கு, தெலுக் பஹாங் படகுத்துறை. காலை நேரம். பழைய வெள்ளை ஃபைபர் போட். ஒருவர் இரண்டு கைகளாலும் ஸ்டீரிங்கைப் பிடித்து இழுக்கிறார்.]

இவர் என் மாமா. கையில் இருப்பது தேர் வடமில்லை, ஸ்டீரிங்தான். போட்டை இடது பக்கம் திருப்பப் பார்க்கிறார்.

போட்டுக்கு வயது நாற்பதுக்கு மேல். 16 அடி நீளம், பின்னால் 40 குதிரைத்திறன் கொண்ட இரண்டு ஸ்ட்ரோக் இன்ஜின். மாசி மகத்தன்று சிங்கமுக காளியம்மன் கோயில் தெப்பம் கடலில் இறங்கும்போது, குடும்பத்தோடு போட்டில் இருந்தபடியே பார்க்க வேண்டும் என்பது மாமாவின் ஆசை. அதற்கு முன்னால் இந்த ஸ்டீரிங் சரியாக வேண்டும்.

"கேபிள் போச்சுடா. புதுசு வாங்கிப் போட்ருவோம்" என்றார்.

"கொஞ்சம் பொறுங்க மாமா" என்றேன். போட் ஸ்டீரிங் இறுகினால் எல்லோரும் முதலில் கேபிளைத்தான் திட்டுவார்கள். ஆனால் இறுகக்கூடிய இடங்கள் நான்கு. எது என்று தெரியாமல் கடைக்குப் போனால் காசு தண்டம். பலத்தைக் காட்டித் திருப்பினால் இன்னும் மோசம். கேபிளின் உள்கம்பியோ கியரின் பல்லோ நடுக்கடலில் போய்விட்டால், இன்ஜின் ஓடும், போட் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்காது.

[காட்சி: தாளில் பேனாவால் வரைந்த படம். விரல் ஒவ்வோர் இடமாகக் காட்டுகிறது.]

வீலுக்குப் பின்னால் ஒரு கியர் பெட்டி, அதாவது ஹெல்ம். அதிலிருந்து புறப்படும் கேபிள் போட்டின் ஓரமாகப் பின்னால் போகிறது. கேபிளின் கடைசியில் எவர்சில்வர் தண்டு ஒன்று இருக்கும். அது இன்ஜினின் முன்பக்கம் குறுக்கே இருக்கும் டில்ட் டியூப் என்ற குழாய்க்குள் முன்னும் பின்னும் ஓடி, ஓர் இணைப்புக் கம்பி வழியாக இன்ஜினைத் தள்ளும், இழுக்கும். இன்ஜின் தன் கழுத்தில் திரும்பும். ஹெல்ம், கேபிள், குழாய், கழுத்து. இந்த நான்கில் ஒன்றுதான் குற்றவாளி. இதைவிடப் பழைய போட்டுகளில் கம்பிக் கயிறும் கப்பியும் இருக்கும். அது வேறு கதை, இந்த வீடியோவில் இல்லை.

[காட்சி: ஸ்பேனரால் இணைப்புக் கம்பியின் போல்ட்டைக் கழற்றும் கை.]

முதலில் இணைப்புக் கம்பியைக் கழற்றுங்கள். இப்போது இன்ஜினைக் கையாலேயே இடமும் வலமும் திருப்பிப் பாருங்கள். கனமாக இருந்தால் கோளாறு கழுத்தில். அங்கே இருக்கும் நிப்பிளில் கிரீஸ் கன்னை வைத்து, பழைய கிரீஸ் வெளியே வரும்வரை அடித்துக்கொண்டே திருப்ப வேண்டும்.

மாமாவின் இன்ஜின் ஒரு கையிலேயே திரும்பியது. கழுத்து தப்பித்தது.

அடுத்து, குழாயின் வாயில் கேபிளைப் பிடித்திருக்கும் பெரிய நட்டைக் கழற்றி, தண்டை வெளியே இழுங்கள். வந்துவிட்டால் வீலைத் திருப்பிப் பாருங்கள். லேசாகச் சுற்றினால் கோளாறு குழாயில். அப்போதும் கனமாக இருந்தால் கேபிளை ஹெல்மிலிருந்தும் கழற்றி, வீலை மட்டும் சுற்றுங்கள். வீல் சுற்றினால் கேபிள் கெட்டது, சுற்றாவிட்டால் ஹெல்ம் கெட்டது.

ஆனால் எங்கள் தண்டு வரவேயில்லை.

[காட்சி: குழாயின் முனை, மிக அருகில். வெள்ளை உப்பு, பழுப்புத் துரு, மெழுகு போல் காய்ந்த கிரீஸ்.]

இதைப் பாருங்கள். ஒரு காலத்தில் இது கிரீஸ். வெயிலும் உப்பும் சேர்ந்து மெழுகாக்கிவிட்டன. நகத்தால் கீறினால் சுருள் சுருளாக வருகிறது. எனக்குத் தெரிந்தவரை, இந்த ஓரடிக் குழாயில்தான் பெரும்பாலான பழைய போட்டுகள் இறுகுகின்றன.

துரு இளக்கும் ஆயிலைக் குழாயின் இரண்டு முனையிலும் அடித்து, ஓர் இரவு விட்டோம். மறுநாள் மறுபடி அடித்தோம். குழாய்மேல் துணியைச் சுற்றிக் கொதிநீர் ஊற்றினோம். நெருப்பு வைக்காதீர்கள். பக்கத்திலேயே பெட்ரோல் டாங்க். அப்புறம் தண்டைவிடச் சிறிய, அரை அங்குல அலுமினியக் கம்பியைத் தண்டின் முனையில் வைத்து, சுத்தியலால் கேபிள் வரும் பக்கமாகத் தட்டினோம். ஓங்கி அடிக்கக்கூடாது, முனை நசுங்கினால் தண்டு குழாய்க்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். டொக், டொக், டொக். இருபது நிமிடம் எதுவும் நடக்கவில்லை. மாமா தேத்தாரே (இழுத்து ஆற்றிய பால் டீ) வாங்கப் போனார். திரும்பி வந்து பார்த்தபோது கால் அங்குலம் நகர்ந்திருந்தது.

கால் அங்குலம் நகர்ந்தால் மிச்சமும் நகரும்.

[காட்சி: வெளியே எடுத்த தண்டு, வெயிலில். பாதி பளபளப்பு, பாதியில் சிறு சிறு குழிகள்.]

குழாயின் உள்ளே சுத்தம் செய்ய, அமெரிக்க வீடியோக்களில் துப்பாக்கிக் குழல் துடைக்கும் பிரஷ்ஷை டிரில்லில் மாட்டுவார்கள். இங்கே கடையில் போய் அதைக் கேட்டால் கடைக்காரர் நம்மை ஒரு மாதிரி பார்ப்பார். மரக்குச்சியின் நுனியைப் பிளந்து, உப்புத்தாளைச் செருகிச் சுற்றி, டிரில்லில் மாட்டினாலே போதும். துணி வெள்ளையாக வெளியே வரும்வரை துடையுங்கள்.

இப்போது வீல் லேசாகச் சுற்றியது. மாமாவுக்கு ஒரே சந்தோஷம். ஆனால் கேபிளைக் கையால் தடவிக்கொண்டே போனபோது, பின்பக்கம் வளையும் இடத்தில் மேலுறை வெடித்திருந்தது. வெடிப்பில் பழுப்புக் கறை.

"இப்போதான் நல்லாச் சுத்துதே, அதை ஏண்டா கழட்டுற?" என்றார் மாமா.

முன்பு ஒரு நண்பரின் போட்டில், இப்படிப்பட்ட கேபிளுக்குள் மேல்முனையிலிருந்து ஆயிலை இறக்கிச் சரிசெய்தேன். மூன்று மாதம்கூடத் தாங்கவில்லை. உள்கம்பியில் தண்ணீர் புகுந்துவிட்டால் அந்தக் கேபிளுக்கு வைத்தியம் கிடையாது, மாற்றத்தான் வேண்டும். ஆகக் கடைசியில் மாமா சொன்னதுதான் நடந்தது. ஆனால் குழாயைத் திறக்காமல் புதுக் கேபிளைப் போட முயன்றிருந்தால், அது உள்ளேயே போயிருக்காது.

கேபிளின் நீளம் மேலுறையில் அச்சிட்டிருக்கும். அழிந்துபோயிருந்தால், சுழல் வகை ஹெல்முக்கு, பிளாஸ்டிக் உறையின் நீளத்தை அளந்து 18 அங்குலம் கூட்டி, அடுத்த முழு அடிக்கு வாங்குங்கள். பழைய ஹெல்மில் டெலிஃப்ளெக்ஸ் என்ற கம்பெனிப் பெயர் இருந்தால் குழம்ப வேண்டாம். அந்தக் கம்பெனியின் போட் ஸ்டீரிங் தொழில் 2011இல் சீஸ்டார் என்று பெயர் மாறி, 2017இல் டொமெடிக் கைக்குப் போனது. பொருத்தும்போது கேபிளை ஒடித்து வளைக்காதீர்கள். வளைவின் ஆரம் 8 அங்குலத்துக்குக் குறையாமல் இருக்கட்டும்.

[காட்சி: கிரீஸ் கன், குழாயின் நிப்பிளில்.]

இங்கேதான் பலர் தப்புச் செய்கிறார்கள். குழாய்க்குக் கிரீஸ் அடிக்கும்போது தண்டு முழுவதும் உள்ளே இருக்க வேண்டும். தண்டு வெளியே நீண்டிருக்கும்போது அடித்தால், உள்ளே நிறையும் கிரீஸ் தண்டைத் திரும்ப வரவிடாது. ஸ்டீரிங் பூட்டிக்கொள்ளும். கடல்நீருக்கான கிரீஸையே வாங்குங்கள். இணைப்புக் கம்பிக்கு, நைலான் வளையம் வைத்த நட்டைப் புதிதாகப் போடுங்கள். பழைய நைலான் நட் இறுகப் பிடிக்காது. அது கழன்றால் ஸ்டீரிங்கே கழன்ற மாதிரி.

ஏன் இப்படி இறுகியது? மாமா எப்போதும் தண்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி இன்ஜினை ஒரு பக்கம் ஒடித்துவைத்துத்தான் போட்டைக் கட்டுவார். வெளியே நிற்கும் தண்டில் உப்பு ஏறும், அடுத்த தடவை அந்த உப்போடேயே உள்ளே போகும். எந்தப் பக்கம் திருப்பினால் தண்டு குழாய்க்குள் மறைகிறதோ, அப்படித் திருப்பிவைத்துக் கட்டுங்கள். தண்டை நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்துவிட்டு.

[காட்சி: கடலில் போட். 1883இல் கட்டிய முக்கா ஹெட் கலங்கரை விளக்கம் மேலே குன்றில் தெரிகிறது.]

சோதனை ஓட்டம். முனையைச் சுற்றிக் கெராச்சுட் கடற்கரைப் பக்கம். மாமா ஒற்றைக் கையால் ஓட்டினார். வேகம் ஏறியதும் முகம் மாறியது.

"டேய், இன்னும் வலப்பக்கம் இழுக்குதுடா."

படகுத்துறையில் லேசாக இருந்து, ஓட்டத்தில் மட்டும் ஒரே பக்கம் இழுத்தால் அது கேபிள் கோளாறு இல்லை. புரொப்பெல்லரின் முறுக்கு. புரொப்பெல்லருக்கு மேலே இருக்கும் தட்டையான தகட்டின் அடியில் மீன் வால் மாதிரி சின்னத் துடுப்பு ஒன்று இருக்கும். வலப்பக்கம் இழுத்தால் அதன் பின்முனையையும் வலப்பக்கமே திருப்ப வேண்டும். ஒரு போல்ட்தான். கரைக்கு வந்து இன்ஜினை நிறுத்தி, தூக்கிவைத்து, போல்ட்டைத் தளர்த்திக் கொஞ்சம் திருப்பி முறுக்கினேன். மறுபடி ஓடிப் பார்த்தோம். இன்னும் கொஞ்சம் வேண்டியிருந்தது. மூன்றாவது தடவையில் மாமா வீலிலிருந்து கையை எடுத்துவிட்டு, தேத்தாரே எங்கே என்று கேட்டார்.