திரை போட்ட அறையில் ஒரு பகல்

நேயர்களுக்கு வணக்கம். வெயில் ஏறினால் வீட்டுப் பெரியவர்களிடம் நாம் சொல்வது ஒன்றுதான்: "வெளியே போகாதீங்க." நல்ல யோசனைதான், நானும் சொல்லியிருக்கிறேன். ஆனால் காலையில் நடக்கப் போய் நாலு பேரிடம் பேசிவிட்டு வருகிறவருக்கு, அந்த நாலு பேரும் சேர்ந்தே நின்றுபோகிறார்கள். மிச்சம் இருப்பது இழுத்துவிட்ட திரையும் மின்விசிறிச் சத்தமும்.

என் பெரியம்மா கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். குறுக்கெழுத்துப் புதிரைப் பேனாவால்தான் போடுவார், அவ்வளவு நிச்சயம்! ஒரு கோடையில் புதிர் அப்படியே கிடந்தது. கேட்டால், "சும்மா, அலுப்பா இருக்கு" என்றார். மூன்றாம் நாள் மத்தியானம் என்னைத் தன் தங்கை பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அந்தத் தங்கை இறந்து பல வருஷம். சரி, மறதி நோய் வந்துவிட்டது என்று முடிவே கட்டிவிட்டோம். டாக்டர் முதலில் கேட்டது, "எவ்வளவு தண்ணீர் குடிக்கிறாங்க?" யாருக்கும் தெரியவில்லை. காலையில் வைத்த தம்ளர் மூடியோடு அப்படியே இருந்தது. டிரிப்ஸ் ஏற்றினார்கள். மறுநாள், "என் பேனாவை எடுத்தது யாரு?" என்று ஒரு அதட்டல். திட்டு வாங்கி நாங்கள் சிரித்தது அன்றைக்குத்தான்.

ஏன் குடிக்கவில்லை? பிறகு என்னிடம் மட்டும் சொன்னார்: ராத்திரி பாத்ரூம் போக முழங்கால் ஒத்துழைப்பதில்லை, தூங்குகிறவர்களை எழுப்பவும் மனசில்லை. அதனால் குடிப்பதையே குறைத்துக்கொண்டார். வயதாக ஆகத் தாக உணர்வும் மங்கிவிடும், நாக்கு நினைவூட்டாது. ஆகவே தண்ணீரைப் பகலிலேயே கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள், இரவில் வழியில் ஒரு சின்ன விளக்கு எரியட்டும். இதய, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அளவை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

நடுவில் ரேடியோவைத் திருப்பியவர்களுக்காக இன்னொரு முறை: பெரியம்மாவுக்கு வந்தது உடம்பில் தண்ணீர் குறைந்ததால் வந்த குழப்பம், மறதி நோய் இல்லை. மறதி நோய் பெரும்பாலும் மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் வருவது. நேற்று தெளிவாகப் பேசியவர் இன்று குழம்பினால், 'வயசாச்சு' என்று விட்டுவிடாமல் அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள்.

1995 ஜூலையில் சிகாகோ நகரத்தில் வெப்ப அலை அடித்து 700 பேருக்கு மேல் இறந்தார்கள், நிறையப் பேர் முதியவர்கள். ஆய்வு செய்தபோது, தனியாக இருந்தவர்களுக்கும் வீட்டைவிட்டு வெளியே வராதவர்களுக்கும் ஆபத்து அதிகம் என்று தெரிந்தது. அக்கம்பக்கத்தில் சிநேகிதர்கள் இருந்தவர்களுக்கு ஆபத்து குறைவாக இருந்தது. நான் எங்கே போனாலும் இதைச் சொல்லாமல் வருவதில்லை, வீட்டில் கேலிகூடச் செய்கிறார்கள்.

அதனால் மத்தியான போனில் "சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா" என்று விசாரணை நடத்தாதீர்கள். அவரிடம் ஏதாவது கேளுங்கள். நான் பெரியம்மாவுக்கு மூன்று மணிக்கு போன் செய்து, வராத ஒரு கணக்கைக் கேட்பேன். பாதி நாள் அது எனக்கு வரும், இருந்தாலும் கேட்பேன். திட்டிக்கொண்டே சொல்லித் தருவார், நடுவில் தம்ளர் வைக்கும் சத்தமும் கேட்கும். விடியற்காலை நடையை மட்டும் நிறுத்தச் சொல்லாதீர்கள்.

தூக்கத்தைப் பற்றி விரிவாகப் பேச நினைத்தேன், நேரம் முடிந்தது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். உடம்புச் சூடு சற்றுத் தணிந்தால்தான் தூக்கம் பிடிக்கும், புழுக்கமான இரவுக்கு மறுநாள் வரும் எரிச்சலை மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். அப்புறம் மாத்திரை: மனச்சோர்வுக்கான சில மருந்துகளும் நீர் பிரிய வைக்கும் மருந்துகளும் வெயிலைத் தாங்கும் சக்தியைக் குறைக்கலாம். நீங்களாக நிறுத்த வேண்டாம், கோடைக்கு முன்னால் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். வணக்கம்.