புது போர்டுல விண்டோஸ் 7 ஏத்தும்போது மவுஸ் ஏன் செத்துப்போகுது? முழு செட்டப்

வணக்கம் மக்களே. இன்னிக்கு புது மதர்போர்டுல விண்டோஸ் 7 ஏத்தறதைப் பத்தி பார்க்கலாம். இப்ப போய் 7 எதுக்குன்னு கேப்பீங்க. பட்டறையில ஒரு சிஎன்சி, லேப்ல ஒரு ஸ்பெக்ட்ரோமீட்டர், அச்சகத்துல ஒரு பிளேட் மெஷின் இருக்கும். மெஷின் இன்னும் நல்லா ஓடுது, ஆனா அதோட கார்டுக்கு டிரைவர், அதாவது கார்டை விண்டோஸோட பேச வைக்கற சாஃப்ட்வேர், 7-ஓட நின்னுபோச்சு. கூட இருந்த பழைய பிசியோட போர்டு போயிடுச்சுன்னா, அதுக்காக லட்சக்கணக்குல வாங்கின மெஷினைத் தூக்கிப் போட முடியாது. அவங்களுக்குத்தான் இந்த வீடியோ.

முதல்ல மெஷின்ல இருந்து வர்ற கேபிள் எங்க போகுதுன்னு பாருங்க. வெறும் சாஃப்ட்வேர் மட்டும்தான், இல்ல கூட லைசென்ஸுக்கான ஒரு யூஎஸ்பி டாங்கிள்தான்னா, முதல்ல விண்டோஸ் 10 மேல விர்ச்சுவல்பாக்ஸ், அதாவது ஒரு பிசிக்குள்ள இன்னொரு பிசியை ஓட்டற சாஃப்ட்வேர், போட்டு அதுக்குள்ள 7-ஐ ஏத்திப் பாருங்க. பெரும்பாலும் அதுலயே வேலை முடிஞ்சிடும். அதுல யூஎஸ்பி கண்ட்ரோலரை மட்டும் 2.0-ல வைங்க. கேபிள் போர்டோட ஸ்லாட்டுல குத்தியிருக்கற பிசிஐ கார்டுக்குப் போகுதுன்னாதான் நேரடி இன்ஸ்டால்.

அப்படின்னா போர்டுதான் பாதி வேலை. இன்டெல் 6ஆம் தலைமுறை, அதாவது ஸ்கைலேக், கூட எச்110 இல்ல பி150 போர்டு எடுங்க. இன்டெல் விண்டோஸ் 7-க்கு முறையா கிராபிக்ஸ் டிரைவர் கொடுத்த கடைசி தலைமுறை அதுதான். 7ஆம் தலைமுறையில இருந்து ஆன்போர்டு டிஸ்ப்ளேக்கு 7 டிரைவர் கிடையாது, விண்டோஸ் அப்டேட்டும் 80240037-ன்னு எரர் காட்டி நின்னுடும். சில எச்110, பி150 போர்டுல பழைய பிசிஐ ஸ்லாட்டும் இருக்கும், பிஎஸ்2-ங்கற பழைய வட்ட கீபோர்டு போர்ட்டும் இருக்கும். வாங்கும்போது பின்பக்கத்தையும் ஸ்லாட்டையும் கண்ணால பார்த்து வாங்குங்க.

இப்ப இங்க ஸ்க்ரீனைப் பாருங்க. எதையும் மாத்தாத சாதா விண்டோஸ் 7 எஸ்பி1 ஐஎஸ்ஓவை, அதாவது இன்ஸ்டால் டிஸ்க்கோட ஒரே ஃபைல் காப்பியை, ஒரு பென்டிரைவ்ல எழுதி பூட் பண்றேன். பயாஸ்ல, அதாவது போர்டுக்குள்ளயே இருக்கற தொடக்க புரோகிராம்ல, இருக்கும்போது மவுஸுக்கு அடியில சிவப்பு லைட் எரியுது, நம் லாக் லைட்டும் எரியுது. 'ஸ்டார்ட்டிங் விண்டோஸ்' தாண்டி லாங்குவேஜ் கேக்கற பொட்டி வந்துச்சு... பாத்தீங்களா, ரெண்டு லைட்டும் அணைஞ்சிடுச்சு. நம் லாக்கை அமுக்கினாலும் அசையல.

இதுக்குக் காரணம் புரிஞ்சா மீதி எல்லாம் புரியும். பயாஸ் இருக்கற வரைக்கும் யூஎஸ்பியை பயாஸே ஓட்டுது. விண்டோஸ் கைக்கு வந்ததும் அதுக்குன்னு சொந்த டிரைவர் வேணும். 2009-ல வந்த 7-க்கு யூஎஸ்பி 2.0 வரைக்கும்தான் தெரியும். பழைய போர்டுல 2.0-க்குத் தனி கண்ட்ரோலர் இருந்துச்சு, ஸ்கைலேக்ல இன்டெல் அதை எடுத்துட்டாங்க. எல்லா போர்ட்டும் ஒரே 3.0 கண்ட்ரோலருக்குக் கீழதான். அதனால 'கறுப்பு போர்ட்ல குத்து, வேலை செய்யும்'ங்கற பழைய யோசனை இங்க செல்லாது. பென்டிரைவும் அதே கண்ட்ரோலர்லதான் இருக்கு, அதனால மவுஸோட சேர்ந்து அதுவும் காணாமப் போகுது. அப்ப 'சிடி டிவிடி டிரைவ் டிவைஸ் டிரைவர் மிஸ்ஸிங்'னு ஒரு மெசேஜ் வரும். அதைப் பார்த்துட்டு ஹார்ட் டிஸ்க்கை மாத்தறவங்க நிறைய பேர். டிஸ்க்குல ஒரு குறையும் இல்ல.

இதுக்கு நேரான வழி, சாட்டா டிவிடி டிரைவும் பிஎஸ்2 கீபோர்டும். ரெண்டுக்கும் 7-க்குள்ளயே டிரைவர் இருக்கு. டேப், என்டர், ஸ்பேஸ் வச்சே இன்ஸ்டாலை முடிச்சிடலாம், அப்புறம் போர்டோட டிரைவர் சிடியைப் போட்டா யூஎஸ்பி உயிர் பெறும். பிஎஸ்2-வை பிசி ஆஃப்ல இருக்கும்போதுதான் குத்தணும். யூஎஸ்பி கீபோர்டுக்கு கன்வெர்ட்டர் மாட்டினா எல்லா மாடலும் வேலை செய்யாது, அசல் பிஎஸ்2 கீபோர்டாவே வாங்குங்க.

டிவிடி டிரைவ் இல்லைன்னா ஐஎஸ்ஓவுக்குள்ள டிரைவரைச் சேர்க்கணும். இணையத்துல 'எல்லாம் சேர்த்தாச்சு'ன்னு சுத்தற ஐஎஸ்ஓவைத் தொடாதீங்க, உள்ள வேற என்ன சேர்த்திருக்காங்கன்னு யாருக்கும் தெரியாது. நாமளே பண்ணிக்கலாம். விண்டோஸ் 10 பிசியில ஐஎஸ்ஓவைத் திறந்து மொத்தத்தையும் டி டிரைவ்ல ஒரு ஃபோல்டருக்கு காப்பி பண்ணுங்க. அதுக்குள்ள சோர்சஸ் ஃபோல்டர்ல பூட் டாட் விம், இன்ஸ்டால் டாட் விம்னு ரெண்டு ஃபைல் இருக்கும். ரெண்டுக்கும் ரீட் ஒன்லி டிக்கை எடுத்துடுங்க, இல்லைன்னா மவுன்ட் பண்ணும்போது பெர்மிஷன் இல்லைன்னு சொல்லும்.

அட்மின் கமாண்ட் பிராம்ப்ட்ல விண்டோஸோட டிஸ்ம் கமாண்ட் வச்சு பூட் விம்மை மவுன்ட் பண்றோம், அதாவது ஒரு காலி ஃபோல்டர்ல பிரிச்சு வைக்கறோம், இன்டெக்ஸ் 2. ஒண்ணு இல்ல, ரெண்டு. செட்டப் ஓடறது ரெண்டுலதான். அப்புறம் ஆட் டிரைவர், ரிகர்ஸ் போட்டு இன்டெலோட விண்டோஸ் 7 யூஎஸ்பி 3.0 டிரைவர் ஃபோல்டரைக் காட்டணும். ஐஎன்எஃப் ஃபைல் இருக்கற ஃபோல்டரா இருக்கணும், இஎக்ஸ்இ கொடுத்தா சேராது. 64 பிட் ஐஎஸ்ஓவுக்கு 64 பிட் டிரைவர். முடிஞ்சதும் அன்மவுன்ட், கமிட், அதாவது மாத்தினதைச் சேமிச்சு மூடறது. அந்த நேரத்துல மவுன்ட் ஃபோல்டரை எக்ஸ்ப்ளோரர்ல திறந்து வச்சிருந்தீங்கன்னா பாதியில நின்னு எரர் கொடுக்கும். அதை மூடிட்டு டிஸ்ம்ல கிளீனப் விம் ஓட்டுங்க.

நிறைய பேர் இதோட நிறுத்திடறாங்க. செட்டப் அழகா ஓடும், மவுஸ் நகரும், காப்பி ஆகி ரீஸ்டார்ட் ஆகும், பேர் கேக்கற ஸ்க்ரீன்ல வந்து மவுஸ் மறுபடியும் செத்துடும். ஏன்னா பூட் விம் செட்டப்புக்கு மட்டும்தான், டிஸ்க்குல இறங்கறது இன்ஸ்டால் விம்ல இருக்கற விண்டோஸ். அதே டிரைவரை அதுலயும் சேர்க்கணும். நீங்க போடப்போறது எந்த எடிஷனோ அதோட இன்டெக்ஸ் நம்பரை கெட் விம் இன்ஃபோ போட்டுப் பார்த்துக்கங்க. எடிஷன்னதும் ஒரு விஷயம்: 64 பிட் ஹோம் பேசிக் 8 ஜிபி ரேமுக்கு மேல எடுக்காது, ஹோம் பிரீமியம் 16 ஜிபி. புது போர்டுல போடறதுன்னா புரொஃபஷனல் நல்லது.

இன்ஸ்டால் விம் மவுன்ட்ல இருக்கும்போதே ஆட் பேக்கேஜ் வச்சு மைக்ரோசாஃப்ட் அப்டேட் கேபி 4490628, அதுக்கப்புறம் கேபி 4474419, இந்த வரிசையிலயே சேர்த்துடுங்க. பின்னாடி வந்த டிரைவர்கள்ல ஷா-2ங்கற புது டிஜிட்டல் கையெழுத்து இருக்கும், இந்த ரெண்டும் இல்லைன்னா 7 அதை நம்பாது. டிவைஸ் மேனேஜர்ல மஞ்சள் முக்கோணம், கோட் 52 வந்துச்சுன்னா இதுதான் காரணம்.

அப்புறம் ரூஃபஸ்ங்கற பென்டிரைவ் எழுதற சாஃப்ட்வேர்ல அசல் ஐஎஸ்ஓவை எம்பிஆர், பயாஸ், என்டிஎஃப்எஸ்னு வச்சு எழுதிட்டு, பென்டிரைவோட சோர்சஸ் ஃபோல்டர்ல நாம மாத்தின ரெண்டு விம்மையும் மேல போட்டுடுங்க. எஃப்ஏடி32 வச்சா, இன்ஸ்டால் விம் 4 ஜிபியைத் தாண்டினதும் காப்பி ஆகாது.

பயாஸ்ல செக்யூர் பூட் ஆஃப், சிஎஸ்எம் ஆன், சாட்டா மோட் ஏஎச்சிஐ. இதுல சிஎஸ்எம், அதாவது பழைய பயாஸ் மாதிரி நடந்துக்கற வசதி, ரொம்ப முக்கியம். 7 பூட் ஆகும்போது ஸ்க்ரீனுக்குப் பழைய விஜிஏ பயாஸைக் கூப்பிடும், இன்ட் 10-ன்னு சொல்வாங்க. சிஎஸ்எம் இல்லாத போர்டுல அந்தக் கூப்பாட்டுக்கு பதில் சொல்ல ஆள் இல்லை, அதனால 'ஸ்டார்ட்டிங் விண்டோஸ்'லயே உறைஞ்சு நிக்கும். 11ஆம் தலைமுறைக்கு வந்த 500 வரிசை போர்டுகள்ல ஆன்போர்டு டிஸ்ப்ளே ஓடும்போது சிஎஸ்எம் ஆன் ஆகாது, ஜிடி 710 மாதிரி ஒரு கிராபிக்ஸ் கார்டு மாட்டணும். அதுக்கு என்விடியாவோட 7 டிரைவரும் இருக்கு.

டிஸ்க் சாட்டா எஸ்எஸ்டியே போதும். என்விஎம்இ-ங்கற வேகமான எஸ்எஸ்டி போட்டே ஆகணும்னா கேபி 2990941, 3087873 ரெண்டையும் பூட் விம், இன்ஸ்டால் விம் ரெண்டுலயும் சேர்க்கணும். பூட் விம்ல மட்டும் சேர்த்தா இன்ஸ்டால் முழுசா ஓடிட்டு, ரீஸ்டார்ட்ல 7பி ப்ளூ ஸ்க்ரீன் வரும். லெகசி மோட்ல, அதாவது சிஎஸ்எம் வழியா, என்விஎம்இ பூட் ஆகாத போர்டுகளும் உண்டு. ஒரு மெஷினை ஓட்டற பிசிக்கு அந்த வேகத்தால ஒரு லாபமும் இல்லை, விட்டுடுங்க.

நெட்வொர்க் கேபிளைக் குத்தாதீங்க. சப்போர்ட் 2020 ஜனவரி 14-லயே முடிஞ்சிடுச்சு, காசு கட்டி வாங்கற கூடுதல் அப்டேட்டும் 2023 ஜனவரி 10-ஓட சரி. குரோம் 109-ஓட நின்னுடுச்சு. ஃபைல் கொண்டுபோகன்னு ஒரு பென்டிரைவை ஒதுக்கி, வேற பிசியில ஸ்கேன் பண்ணிட்டு மாட்டுங்க.

மெஷின் சாஃப்ட்வேர் ஓடிடுச்சுன்னா அன்னிக்கே குளோன்ஜில்லாங்கற டிஸ்க் காப்பி சாஃப்ட்வேர் வச்சு முழு டிஸ்க்கையும் இமேஜ் எடுத்து வெளி ஹார்ட் டிஸ்க்குல வைங்க. குளோன்ஜில்லா லினக்ஸ்ல ஓடறதால யூஎஸ்பி பிரச்சினையே வராது. 7-ஓட ரிப்பேர் மோடை நம்பாதீங்க. அது வின்ஆர்ஈ-ன்னு இன்ஸ்டால் விம்முக்குள்ள இருக்கற இன்னொரு விம், அதுல நாம டிரைவர் சேர்க்கல, அங்க போனா யூஎஸ்பி கீபோர்டு மறுபடியும் செத்துடும். அதுக்காகவாவது அந்த பிஎஸ்2 கீபோர்டை பிசியோடவே வச்சிருங்க.