மாறியது பெண், வீடு அப்படியேதான்

நடுவர் ஐயாவுக்கும், எதிரணி அண்ணன்மாருக்கும், வெயில் தாழட்டும் என்று பார்த்திருந்து வந்து குந்தியிருக்கும் அம்மாமாருக்கும் வணக்கம்.

"2009இல் போர் முடிந்த பிறகு இலங்கையின் வடக்கு கிழக்கில் மாறியது பெண் மட்டுமா, வீடுமா?" இதுதான் இந்தப் பட்டிமன்றத்தின் தலைப்பு. எனக்கு முன் பேசிய அண்ணா வீடும் மாறிவிட்டது என்று அடித்துச் சொன்னார். காஸ் அடுப்பு வந்துவிட்டதாம். வாசலில் ஸ்கூட்டி நிற்கிறதாம். காலைத் தேத்தண்ணியை அவரே போடுகிறாராம். நல்லது, நானும் கைதட்டினேன். ஆனால் அண்ணா, அந்தக் கோப்பைகளைக் கழுவினது யார் என்பதைச் சொல்லாமல் போய் இருந்துவிட்டீர்கள்.

பெண் மாறினாள் என்பதில் இரண்டு அணிக்கும் சண்டை இல்லை. 2010இல் அரசாங்கத்தின் பிரதி அமைச்சர் ஒருவர் கணவனை இழந்த பெண்களின் தொகையைச் சொன்னார். கிழக்கில் 49,000, வடக்கில் 40,000. இவர்களிடம் "வேலைக்குப் போக விருப்பமா?" என்று ஒருவரும் கேட்கவில்லை. உலையில் போட அரிசி வேண்டும், போனார்கள். கிளிநொச்சியில் ஆடைத் தொழிற்சாலை வந்தது, விடிய முன்னம் தொழிற்சாலை வான் வண்டியில் ஏறினார்கள். முகமாலையில் ஹலோ ட்ரஸ்ட் என்ற நிறுவனம் கண்ணிவெடி அகற்ற ஆள் எடுத்தது, அதற்கும் போனார்கள். தலைக்கவசமும் முகக்கண்ணாடியும் போட்டு, கொதிக்கிற வெயிலில் முழந்தாளில் இருந்து, மண்ணை அங்குலம் அங்குலமாகச் சுரண்டுகிற வேலை அது. கை தவறினால் கை இருக்காது.

சரி, அந்தப் பெண் பின்னேரம் வீட்டுக்கு வருகிறாள். அங்கே என்ன மாறியிருக்கிறது? தண்ணி அள்ள வேண்டும், பிள்ளையின் சீருடை தோய்க்க வேண்டும், மாமிக்கு மருந்து எடுத்துக் கொடுக்க வேண்டும், விடியப் புட்டவிக்க மாக் குழைக்க வேண்டும். இவ்வளவுக்கும் நடுவில், ஆறு மணிக்கு வர வேண்டியவள் ஏழு மணிக்கு வந்தால் படலையடியில் நிற்கிற கண்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். சம்பளம் எவ்வளவு என்று கேட்காத ஊர், ஏன் பிந்தினாய் என்று கேட்கிறது.

அரசாங்கத்தின் புனர்வாழ்வு முகாமில் இருந்து முடித்து வந்த முன்னாள் போராளிப் பெண்களை நினைத்துப் பாருங்கள். துவக்குப் பிடித்தவர்கள், மருத்துவப் பிரிவில் வேலை செய்தவர்கள், கனரக வாகனம் ஓட்டியவர்கள். திரும்பி வந்ததும் ஊர் கேட்டது இரண்டே கேள்வி: கட்டையாக வெட்டின தலைமயிர் எப்போது வளரும், இவளை யார் கட்டுவான்?

எதிரணி பெண்களுக்கான 25 வீத இட ஒதுக்கீட்டைச் சொன்னது. உண்மைதான், 2018 உள்ளூராட்சித் தேர்தலில் அது நடைமுறைக்கு வந்தது. அது சபைக்குள் வந்த மாற்றம். நான் கேட்பது வீட்டை. மகப்பேற்று லீவு தாய்க்கு 84 வேலை நாள், அரச வேலை செய்கிற தகப்பனுக்கு 3 நாள். மூன்று நாளில் பிள்ளைக்கு அப்பாவின் முகம்கூடப் பிடிபடாது! 2013இல் குடும்பப் பின்னணி அறிக்கை என்று ஒன்று கொண்டு வந்தார்கள். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை உள்ள தாய் வீட்டுப் பணிக்கு வெளிநாடு போக முடியாது என்றார்கள். தகப்பன் போகலாம். பிள்ளை இரண்டு பேருக்கும்தான் பிறந்தது.

நேரம் இருக்கிறது என்று நினைக்கிறேன் ஐயா, ஒரு அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஒழுங்கையில் இருக்கிறா. பெயர் வேண்டாம். புருசன் 2009 மே மாதம் காணாமல் ஆக்கப்பட்டவர். இரண்டு பிள்ளைகள். கோழி வளர்க்கத் தொடங்கினா, நன்றாகவே போனது. பெரிதாகச் செய்யக் கடன் எடுக்க நினைத்தா. சீதனமாக வந்த வளவுக் காணி இருக்கிறது, அதை ஈடு வைக்கலாம் என்று போனா. அங்கேதான் வீடு வந்து குறுக்கே படுத்தது.

வடக்குத் தமிழருக்கென்று உள்ள வழமைச் சட்டமான தேசவழமையின் கீழ் வருகிற மணமான பெண்ணுக்கு, 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டப்படி, தன் சொந்தக் காணியை விற்கவோ ஈடு வைக்கவோ கணவனின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும். காணி அவளுடையது, உறுதி அவள் பேரில், கையெழுத்து மட்டும் அவருடையது. அவர் எங்கே? அது தெரிந்தால் அக்கா ஏன் படம் ஒன்றை நெஞ்சில் அணைத்துக்கொண்டு காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் போராடுகிற கிளிநொச்சி கந்தசாமி கோவிலடியில் போய் இருக்கிறா? மரணச் சான்றிதழ் எடுக்கலாம் என்றார்கள். "என்ர கையாலே அவரைச் சாகடிக்கச் சொல்லுறியளோ" என்று கேட்டா. 2016இல், ஆள் செத்தார் என்று சொல்லாமல் காணவில்லை என்று மட்டும் சொல்கிற காணாமைச் சான்றிதழ் என்று ஒன்று வந்தது, நல்ல விசயம். ஆனால் அந்தக் கடதாசி காணி உறுதியில் கையெழுத்துப் போடாது. நீதிமன்றத்தில் அனுமதி கேட்கலாம், அதற்கும் வழி உண்டு. பஸ் காசு, வழக்கறிஞர் காசு, தவணை தவணையாக நாள். கோழிக்கு யார் தீன் போடுவது?

அப்புறம் என்ன, ஈடு கேட்காத நுண்கடனுக்குப் போனா. கிழமைக்குக் கிழமை ஆள் வாசலுக்கு வரும். குழுவாகத்தான் கடன் கொடுப்பார்கள்; ஒருவர் கட்டாவிட்டால் குழுவில் உள்ள மற்றப் பெண்கள் கட்ட வேண்டும், ஆகவே கூட்டாளிகளே பகையானார்கள். 2018இல் வறட்சி மாவட்டங்களில் பெண்களின் ஒரு லட்சத்துக்குட்பட்ட கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசாங்கம் அறிவிக்க வேண்டி வந்தது. அதற்கு முன்பே அக்கா கோழிகளை விற்றுவிட்டா.

உழைக்கத் தெரியாதவளா அவ? கணக்குத் தெரியாதவளா?

மணி அடித்துவிட்டது, இறங்குகிறேன் ஐயா. அடுத்துப் பேச வருகிற எதிரணி அண்ணாவிடம் ஒன்றே ஒன்று. காஸ் அடுப்பை விடுங்கள். நாளைக்கு அந்த அக்கா மகளின் படிப்புக்காகத் தன் வளவில் நாலு பரப்புக் காணியை விற்கப் போனால், யாரிடம் போய்க் கையெழுத்து வாங்குவா? அதைச் சொல்லிவிட்டு உங்கள் உரையைத் தொடங்குங்கள்.