கொழும்பு கேட்கிறதா?

நேயர்களுக்கு வணக்கம்.

கூலிம் பக்கத்துத் தோட்டத்தில் என் தாத்தா ராத்திரிச் சாப்பாடு முடிந்த பிறகுதான் ரேடியோவைத் திறப்பார். பகலெல்லாம் வெறும் இரைச்சல் வந்த அதே இடத்தில் முள்ளை வைப்பார். அகில இந்திய வானொலியின் தமிழ் ஒலிபரப்பு கணீரென்று வரும். "பொழுது சாஞ்சாத்தான் ஊரு கிட்ட வரும்" என்பார். அதற்கான காரணம் எனக்கு விளங்கியது ஹாம் ரேடியோவுக்கு, அதாவது பொழுதுபோக்காக அலை அனுப்பிப் பேசும் வானொலிக்கு, வந்த பிறகுதான்.

சூரியக் கதிர்கள் மேல்காற்றிலிருந்து எலக்ட்ரான்களைப் பிரித்தெடுப்பதால் உண்டாவது அயனி மண்டலம். அதில் 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில் உள்ள டி அடுக்கு, தாழ்ந்த சிற்றலைகளைப் பகலில் விழுங்கிவிடும். இருட்டியதும் அது கலைந்துபோகும். 200 கிலோமீட்டருக்கு மேலே இருக்கும் எஃப் அடுக்கு மட்டும் ராத்திரியிலும் நிற்கும். அதில் பட்டு வளைந்துதான் தாத்தாவின் தமிழ் கடல் தாண்டி வந்தது.

இந்த மண்டலத்தை அளக்க அயனோசோண்ட் என்றொரு கருவி உண்டு. 1 மெகாஹெர்ட்ஸில் தொடங்கி, படிப்படியாக ஏற்றிக்கொண்டே நேர் மேலே துடிப்புகளை அனுப்பும். எதிரொலி வரப் பிடிக்கும் நேரத்தை வைத்து உயரத்தைக் கணக்கிடலாம். அலைவரிசை ஓர் எல்லையைத் தாண்டினால் எதிரொலியே வராது. அலை அடுக்கைத் துளைத்துக்கொண்டு போய்விடும். சாய்வாக அனுப்பும்போது இந்த எல்லை உயரும். வானில் பட்டு 3,000 கிலோமீட்டர் தள்ளி இறங்கும் ஒரு தாவலுக்கு ஏறத்தாழ மூன்று மடங்கு. இந்தக் கணக்கை ஊர் ஊராக வைத்துத்தான் எந்த அலை எங்கே எட்டும் என்று வரைபடம் போடுகிறார்கள்.

சரி, வரைபடத்தைப் பார்த்துப் பேசினால் போதாதா? பினாங்கில் போதாது. பூமியின் காந்தப்புலம் தரைக்கு இணையாகக் கிடக்கும் காந்த நடுக்கோடு நமக்குச் சற்று வடக்கே, தென் தாய்லாந்து வழியாகப் போகிறது. இந்தியா கேரளத்துத் தும்பாவில் ராக்கெட் தளம் அமைத்து 1963-இல் முதல் ராக்கெட்டை ஏவியதும் இதே கோட்டை நம்பித்தான். இந்தக் கோட்டருகே சூரியன் மறைந்ததும் அயனி மண்டலத்தின் அடிப்பகுதி சட்டென்று மெலிந்துவிடும், மேலே அடர்த்தி அப்படியே இருக்கும். எண்ணெய்க்கு மேல் தண்ணீரை ஊற்றியதுபோல, அடியிலிருந்து அடர்த்தி குறைந்த குமிழிகள் கிளம்பும். அவற்றில் பட்ட அலை சிதறும். மார்ச், ஏப்ரல், அப்புறம் செப்டம்பர், அக்டோபர் மாலைகளில் இது அதிகம். மாதச் சராசரியை வைத்து வரைந்த படத்தில் இன்றைய குமிழி இருக்காது.

அதனால்தான் நான் கொழும்பைக் கேட்கிறேன். உலகமெங்கும் 18 பீக்கன் நிலையங்கள், அதாவது தங்கள் அடையாளத்தை மட்டும் ஒலிபரப்பும் நிலையங்கள், 14.100 மெகாஹெர்ட்ஸில் முறைவைத்து ஒலிக்கும்படி ஒரு வலையமைப்பு உண்டு. ஒவ்வொன்றுக்கும் மூன்று நிமிடத்தில் பத்து வினாடி. மோர்ஸில் அழைப்புக்குறி, பிறகு நான்கு நீண்ட ஒலிகள்: 100 வாட், 10, 1, கடைசியில் 0.1. கொழும்பின் குறி 4எஸ்7பி. இங்கிருந்து ஏறத்தாழ 2,250 கிலோமீட்டர். ஒரே தாவலில் வந்தால் அலை வளைவது நிக்கோபாருக்கு மேற்கே, நடுக்கடலுக்கு மேல். அயனோசோண்ட் வைக்க அங்கே ஒரு திட்டு நிலம்கூடக் கிடையாது. அந்த இடத்து வானத்தை அளக்க நம் காதுதான் கருவி.

ஆயர் ஈத்தாமில் என் வீட்டுப் பால்கனியில் ஒரு கம்பி தொங்குகிறது. மார்ச் மாதத்தில் ஒருநாள், ஏழு மணிக்கு மூன்று ஒலிகள் சுத்தமாகக் கேட்டன. எட்டு மணிக்கு அழைப்புக்குறியே தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் நடுங்கியது. எட்டு இருபதுக்கு ஒன்றுமே இல்லை.

எஸ்எஸ்பி வசதியுள்ள (மோர்ஸ் ஒலியைக் கேட்க அது வேண்டும்) சிற்றலை ரேடியோ உங்கள் வீட்டில் இருந்தால், இன்று மாலை ஒரு நோட்டுப் புத்தகத்தோடு உட்காருங்கள். நேரம், அலைவரிசை, எத்தனை ஒலி கேட்டது என்று எழுதுங்கள். ஒன்றும் கேட்காவிட்டால் அதையும் எழுதுங்கள்.