ஞானஸ்நானம் வாங்காத அப்பத்தா எங்கே போயிருப்பார்?

அடுத்த கேள்வி தேவகோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு தங்கச்சி அனுப்பியது. நீளமாக எழுதியிருக்கிறார், சுருக்கிச் சொல்கிறேன். குடும்பத்தில் அவர் ஒருவர் மட்டும்தான் ஞானஸ்நானம் பெற்றவர். அவருடைய அப்பத்தா சதுர்த்தி தவறாமல் பிள்ளையார்பட்டிக்குப் போனவர், வீட்டு வாசலுக்கு வந்த யாரையும் பசியோடு அனுப்பாதவர், போன வருஷம் இறந்துவிட்டார். ஒரு ஜெபக்கூட்டத்தில் ஒருவர், "உன் அப்பத்தா இயேசுவை ஏற்கவில்லை, அதனால் நரகம்தான், இதில் உனக்குச் சந்தேகம் வந்தால் உன் விசுவாசத்தில்தான் கோளாறு" என்று சொல்லிவிட்டாராம். அது உண்மையா, இப்படிக் கேட்பதே பாவமா என்கிறார்.

இரண்டாவதற்கு முதலில் பதில் சொல்கிறேன், அது சுலபம். பாவம் இல்லை. சோதோமை அழிக்கப் போகிறேன் என்று கடவுள் சொன்னபோது ஆபிரகாம் தலையாட்டிவிட்டுப் போகவில்லை. உலகத்துக்கே நீதிபதியான நீர் நியாயம் செய்ய வேண்டாமா என்று நேருக்கு நேர் கேட்டு, ஐம்பது நீதிமான்களில் ஆரம்பித்துப் பத்து வரைக்கும் பேரம் பேசினார். யோபு புத்தகத்தின் கடைசி அதிகாரத்தில் கடவுள் யார் மீது கோபப்படுகிறார் பாருங்கள். கத்திக் கேள்வி கேட்ட யோபு மீது இல்லை, கடவுளுக்காக வக்காலத்து வாங்குகிறோம் என்று வந்து உட்கார்ந்து யோபுவைக் குற்றவாளி ஆக்கினார்களே, அந்த நண்பர்கள் மீதுதான்.

சரி, அப்பத்தா. இங்கே மழுப்ப எனக்கு விருப்பமில்லை. என் வழியாக அல்லாமல் யாரும் தந்தையிடம் வர முடியாது என்பது யோவான் 14-இல் இயேசுவே சொன்னது, வேறு எவராலும் மீட்பு இல்லை என்று பேதுருவும் சொல்கிறார், இதையெல்லாம் வேதத்திலிருந்து சுரண்டி எடுத்துவிட முடியாது. எல்லாச் சாமியும் ஒன்றுதானே என்று சொல்லி உங்களைத் தேற்றிவிடலாம், ஆனால் அதை உங்கள் அப்பத்தாவே ஒப்புக்கொண்டிருப்பாரா என்பது சந்தேகம்! அவருக்குப் பிள்ளையார் பிள்ளையார்தான்.

ஆனால் அந்த வசனம் மீட்பு யார் வழியாக வருகிறது என்று சொல்கிறதே தவிர, அவர் பெயரை அறியாமலோ புரியாமலோ வாழ்ந்தவரை அவர் என்ன செய்வார் என்று சொல்லவில்லை. மத்தேயு 25-இல், பசித்தவனுக்குச் சோறு போட்டவர்கள் "ஆண்டவரே, உம்மை எப்போது பார்த்தோம்?" என்று கேட்கிறார்கள், அதாவது யாருக்குச் செய்தோம் என்றே தெரியாமல் செய்தவர்கள். மீட்புப் பெறுவோர் சிலர்தானா என்று ஒருவர் கேட்டதற்கு லூக்கா 13-இல் இயேசு எண்ணிக்கை சொல்லவே இல்லை, நீ இடுக்கமான வாசல் வழியாக நுழையப் பாடுபடு என்று கேட்டவர் பக்கமே திருப்பிவிடுகிறார்.

இந்தக் கேள்வி உங்களுக்கு மட்டும் வந்தது இல்லை. நம் முத்துக்குளித்துறைக் கடற்கரையில் போதித்த அதே சவேரியார், பிறகு ஜப்பானுக்குப் போனார். அங்கே மனம் திரும்பியவர்கள், எங்கள் அப்பன் பாட்டன் எல்லாம் என்ன ஆனார்கள், அவர்களை மீட்க வழியே இல்லையா என்று கேட்டு அழுதார்கள். இல்லை என்றுதான் அவர் பதில் சொன்னார். அவர்கள் அழுவதைப் பார்த்துத் தனக்கும் வேதனையாக இருந்ததாக 1552-இல் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில் அவரே சொல்கிறார். அவ்வளவு பெரிய புனிதர். ஆனால் 1964-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், அதாவது உலகெங்குமிருந்து கத்தோலிக்க ஆயர்கள் கூடிய திருச்சபையின் பேரவை, தன் குற்றமில்லாமல் நற்செய்தியை அறியாமல், கடவுளை நேர்மையாகத் தேடி மனசாட்சிப்படி நடப்பவரும் மீட்படைய முடியும் என்று எழுதி வைத்தது. அதற்கு முன்னாலேயே, கத்தோலிக்கர் அல்லாத யாருக்கும் மோட்சமில்லை என்று பிடிவாதமாகப் போதித்த ஃபீனி என்ற அமெரிக்கக் குருவானவர், ரோமின் அழைப்புக்குக் கீழ்ப்படியாமல் 1953-இல் திருச்சபைக்கு வெளியே நிறுத்தப்பட்டார்.

சவேரியார் சொன்னதும் சங்கம் சொன்னதும் ஒட்டவில்லையே என்றால், ஆமாம், எனக்கும் இடிக்கிறது. அதைவிடப் பெரிய முள் ஒன்று இருக்கிறது. அறியாமலே மீட்படையலாம் என்றால், போர்ச்சுகலிலிருந்து நம் பக்கம் வந்து நற்செய்தி சொன்ன குருவானவர் அருளானந்தர் எதற்கு ஓரியூரில் 1693-இல் தலையைக் கொடுத்தார்? ஆள் கணக்குக்காக இல்லை, தான் கண்ட ஒருவரைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாததால் என்றுதான் நான் எனக்குச் சொல்லிக்கொள்கிறேன். அது முழுப் பதில் இல்லை என்பது தெரியும்.

உங்கள் அப்பத்தா மோட்சத்தில் இருக்கிறார் என்று நான் சத்தியம் செய்ய முடியாது தங்கச்சி. நரகத்தில் இருக்கிறார் என்று சொன்னவருக்கும் அந்த அதிகாரத்தை யாரும் கொடுக்கவில்லை. நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. உயிரோடிருப்பவரோ இறந்தவரோ, யாருக்காகவும் குருவானவர் பூசை ஒப்புக்கொடுக்கலாம் என்பது திருச்சபைச் சட்டம், அதில் ஞானஸ்நானம் வாங்கியவருக்கு மட்டும் என்று இல்லை. உங்கள் பங்குச் சாமியாரிடம் போய் அப்பத்தா பெயரைச் சொல்லிப் பூசைக்குக் கொடுங்கள்.

வீட்டில் அவருக்குப் படைப்பு வைக்கும்போது நான் போய் நிற்கலாமா என்றும் கடைசியில் கேட்டிருக்கிறார். அது தனியாகவே பேச வேண்டியது, அடுத்த வாரம் எடுத்துக்கொள்கிறேன்.